நன்னா அடக்கி வாசிச்சேள்

ராமநவமிக் கச்சேரி முடிந்து, மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், ஒட்டியிருந்த ரவையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். நங்கநல்லூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயில் மண்டபம். அறுபது பேர் வந்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் அதற்குள் பானகத்துக்கும் நீர்மோருக்கும் வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மாமா மட்டும் மேடையருகே வந்து குனிந்து, "நன்னா அடக்கி வாசிச்சேள். இப்பல்லாம் யாரு இப்படி வாசிக்கறா? பாட்டே காதுல விழாதபடி போட்டு மொத்தறா" என்றார். ஈரக் கையோடு கும்பிட்டுச் சிரித்து வைத்தேன். பாராட்டு எனக்கு அடிக்கடி கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. அக்கவுண்ட்ஸ் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒன்றோ இரண்டோ கச்சேரி வாசிக்கிற ஆள் நான். கிடைத்த பாராட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் நாலு நாள் வைத்துச் சாப்பிடுகிறவன். இது மட்டும் அன்று ராத்திரியே புளித்துவிட்டது.

மாமா மேல் தப்பில்லை. அவர் காதில் சன்னமான, தொந்தரவில்லாத ஒரு வாசிப்பு விழுந்தது. அதற்கு அவருக்குத் தெரிந்த நல்ல பெயரை வைத்தார். அன்று மேடையில் என்ன நடந்தது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். பாடியவருக்கு, வயலின் வாசித்த பையனுக்கு, எனக்கு.

காம்போதியில் ஒரு கிருதி. இரண்டு களை ஆதி தாளம், தாளம் தொடங்கி அரை இடம் தள்ளிப் பாட்டின் எடுப்பு. பாடியவருக்கு முப்பது வயதிருக்கும், ஐந்து கட்டை சுருதி, நல்ல சாரீரம். சரணத்தில் ஒரு வரியை எடுத்து நிரவல் செய்யத் தொடங்கினார், அதாவது அதே வரியைத் தாளத்துக்குள் விதவிதமாக விரித்துப் பாட. அந்தக் கிருதியை நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஆனால் பல்லவியைத் தாண்டி எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. போதாததற்கு ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம். ஜிப்பாப் பையில் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. யார் என்றும் தெரியும், எதற்கு என்றும் தெரியும். ஒரு கிளையின் சரக்கிருப்புக் கணக்கு இடித்துக்கொண்டிருந்தது. கை தன்பாட்டுக்கு சர்வலகு, அதாவது சிக்கலில்லாத நேரான நடை, போட்டுக்கொண்டிருந்தது. முப்பது வருடப் பழக்கம், மனசு கூட வராவிட்டாலும் கை ஓடும். தலைக்குள் நான் பதில் மெயிலை எழுதிக்கொண்டிருந்தேன்.

நிரவலில் தோய்ந்திருந்த அவர் தாளத்தில் ஓர் எண்ணிக்கையை விட்டுவிட்டார். இரண்டு களையில் ஒவ்வொரு விரலையும் இரண்டு முறை எண்ண வேண்டும். மோதிர விரலை ஒரே முறை எண்ணிவிட்டு நடு விரலுக்குப் போய்விட்டார். பெரிய வித்வான்களுக்கும் நேர்கிறதுதான். ஏதோ இடறுகிறது என்று அவருக்கே உடனே பட்டிருக்க வேண்டும். சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேடையில் அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான்: எங்கே இருக்கிறோம்? அதற்குப் பதில் வாயால் சொல்லக்கூடாது, முகத்தாலும் சொல்லக்கூடாது. சமம், அதாவது தாளத்தின் தொடக்கம், வருகிற இடத்தில் தொப்பியில் ஒரு தொம், வலது பக்கத்து வலந்தலையில் ஒரு சாப்பு, இரண்டும் சேர்ந்து அழுத்தமாக விழுந்தால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு, அரை இடம் விட்டு அவர் வரியை எடுத்துவிடுவார். அந்த ஓர் அடி என்னிடம் இல்லை. சமம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அவர் கையையும் நான் பார்க்கவில்லை, எனக்குள்ளும் தாளம் ஓடவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அதே சர்வலகுவை இன்னும் கொஞ்சம் சன்னமாக்கினேன். வயலின் பையன், இருபத்திரண்டு வயது, வரியின் தொடக்கத்தை ஒரு நூலிழை முன்னதாகவே தொட்டுக் காட்டினான். அவர் பிடித்துக்கொண்டார். மொத்தம் எட்டு விநாடி இருக்கும்.

அந்த "இன்னும் கொஞ்சம் சன்னமாக்கினேன்" என்பதில்தான் மாமாவின் பாராட்டு விழுந்தது என்று நினைக்கிறேன்.

உதிர்ந்துபோன பாதி

"அடக்கி வாசி" என்ற சொல் மேடையை விட்டு இறங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. மாமியார் வீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளைக்குச் சொல்கிறோம். புது மேனேஜர் வந்த வாரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். கட்சித் தலைமையோடு முறைத்துக்கொண்டவர் "கொஞ்ச நாளாக அடக்கி வாசிக்கிறார்" என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். எல்லா இடத்திலும் பொருள் ஒன்றுதான்: தலையைக் காட்டாதே, மாட்டிக்கொள்ளாதே. வாத்தியக்காரர்கள் சொல்லும்போது அதில் இரண்டு வேலை இருக்கிறது. அடக்க வேண்டும், வாசிக்கவும் வேண்டும். ஊர்ப்பேச்சில் அடக்குவது மட்டும் தங்கிவிட்டது. வாசிப்பது எங்கேயோ வழியில் உதிர்ந்துபோனது. நானும் இத்தனை வருடம் மேடையிலேயே உட்கார்ந்துகொண்டு, ஊர்ப்பேச்சு அர்த்தத்தில்தான் வாசித்திருக்கிறேனோ என்பதுதான் அந்த ராத்திரி என்னைத் தூங்கவிடாத கேள்வி.

என் வாத்தியார் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். காலை ஷிப்ட் முடிந்து திருவானைக்காவல் வீட்டுக்கு வந்து, குளித்து, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்காருவார். நாங்கள் நாலைந்து பையன்கள். த, தி, தொம், நம் என்று முதல் பாடம். இந்த நாலே எழுத்தில் மூன்று மாதம் ஓடியது. அதில் என் உயிரை வாங்கியது கடைசி எழுத்து. "நம்" வாசிக்க ஆள்காட்டி விரல் வலந்தலையின் ஓரத்து மீட்டில் விழ வேண்டும். அதே நேரத்தில் மோதிர விரல் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டமான கரணையின் விளிம்பில் சும்மா பட்டுக்கொண்டிருக்க வேண்டும். விரலை எடுத்துவிட்டால் சத்தம் சிதறிக் கொழகொழவென்று வரும். அழுத்திவிட்டால் செத்துப்போகும், கட்டையில் தட்டின மாதிரி. "படணும், ஆனா அழுத்தக்கூடாது. ஈ உக்காந்த மாதிரி" என்பார். பத்து வயதுப் பையனுக்கு அடிக்கிற விரல்தான் கண்ணில் படும். சும்மா இருக்கிற விரலில் என்ன இருக்கிறது? இரண்டு வாரம் கழித்து ஒரு சாயந்திரம் தற்செயலாக அது விழுந்தது. மணி மாதிரி ஒரு "நம்". வாத்தியார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ம், இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவை வரவில்லை என்பது வேறு கதை.

இந்த விஷயத்தில் சர் சி.வி. ராமனே தலையைக் கொடுத்திருக்கிறார் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1920-இல் எஸ். குமார் என்பவரோடு சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு குறிப்பு, 1934-இல் தனியாக விரிவான கட்டுரை, இரண்டுமே நம் தோல் கருவிகளைப் பற்றி. சும்மா இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால், அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் மற்ற ஒலிகள் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாத கணக்கில் வரும். காதுக்குச் சுருதி பிடிபடாது. நடுவில் சாதத்தையும் கிட்டக்கல் பொடியையும் சேர்த்துப் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து அந்தக் கறுப்புக் கரணையை ஏற்றியதும் அந்த ஒலிகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்களுக்கு வந்து உட்கார்ந்துவிடுகின்றன. தோலின் மேல் ஏற்றிய பாரம்தான் அதற்கு நாதத்தைக் கொடுக்கிறது. மோதிர விரலும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. வேண்டாத அதிர்வை மட்டும் அமர்த்திவிட்டு வேண்டியதை விட்டுவிடுகிறது. எதை அமர்த்துகிறோம் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தெரியவில்லை என்று பதினேழு வயதில் நன்றாக நிரூபித்தேன்.

காவிரிப் பாலம்

உறையூரில் ஒரு கோயில் உற்சவம். பாடியவர் ஒரு பாட்டு டீச்சர், ஐம்பது வயதுக்கு மேல். வாத்தியாருக்கு அன்று உடம்பு சரியில்லை. என்னை மேடையில் ஏற்றிவிட்டு, கீழே முதல் வரிசையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் புதிதாகப் பாடம் பண்ணியிருந்த ஃபரன்கள் என்கிற வேகச் சொற்கட்டுகள் எல்லாம் விரல் நுனியில் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டாவது உருப்படியிலேயே, முத்தாய்ப்பாக மூன்று முறை வாசிக்கிற மோராவை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன். கடைசியில் டீச்சர் காபியில் ஒரு பதம் எடுத்தார், மிக மெதுவாக, மிஸ்ர சாப்பில். நான் அதற்கும் நிரப்பினேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே அவர் விட்ட இடத்தையெல்லாம் எனக்கு விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வரியில் அவர் பாடுவதை நிறுத்திவிட்டார். கோபமெல்லாம் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கிறவரை ஒரு முழு ஆவர்த்தனம் காத்திருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினார். எனக்கு அது மரியாதை மாதிரிப் பட்டது!

திரும்பும்போது வாத்தியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் மிருதங்கம், நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். காவிரிப் பாலம் பாதி தாண்டுகிறவரை பேச்சே இல்லை. அப்புறம், "கடைசியா என்னடா பாடினாங்க?" என்றார்.

"காபி சார்."

"ராகம் கேக்கல. என்ன பாடினாங்க?"

யோசித்தேன். அந்தப் பதத்தில் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள், ஒரு வார்த்தையாவது நினைவில் இருக்கிறதா என்று தேடினேன். தமிழ்ப் பதம்தான், தெலுங்குகூட இல்லை. ஒன்றும் இல்லை.

"அதான்" என்றார். "தெரியாத பாட்டுக்குத்தான் இவ்வளவு அடி விழும்."

இதை நான் வெகுநாள் "அதிகம் வாசிக்காதே" என்று புரிந்துகொண்டேன். அதன்படி அடுத்த முப்பது வருடம் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நங்கநல்லூரில் வந்து நின்றிருக்கிறேன். அங்கேயும் என் நிலைமை அதேதான் என்று இப்போதுதான் உறைக்கிறது. என்ன பாடுகிறார்கள் என்று தெரியாது. பதினேழு வயதில் தெரியாததை மொத்தி மறைத்தேன். நாற்பத்தெட்டில் தெரியாததை மெல்ல வாசித்து மறைத்தேன். முதலாவதற்குத் திட்டு கிடைத்தது, இரண்டாவதற்குப் பாராட்டு கிடைத்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வாத்தியார் தான் அடக்கி வாசிக்கும்போது எப்படி இருப்பார் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சுருதி இறங்கினால் சரிசெய்யக் கல்லையும் கட்டையையும் எடுத்துக் கொடுக்க அவருக்குப் பின்னால் உட்காருவது என் வேலை. ஒரு தடவை சஹானாவில் சௌக்கமாக ஒரு கிருதி. ஒரு ஆவர்த்தனத்துக்கு ஐந்தாறு அடிதான் விழுந்திருக்கும். இடது கை தொப்பியில் மெல்ல வழுக்கி ஒரு கும்கி, அப்புறம் வெறும் இடம், அப்புறம் ஒரு "நம்". கேட்கிறவர்களுக்கு, பாவம் இவருக்கு இன்று வேலையே இல்லை என்று தோன்றியிருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. உதடு பாட்டின் ஒவ்வொரு எழுத்தோடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. தனி ஆவர்த்தனத்தில்கூட அவர் அப்படி வேர்த்து நான் பார்த்ததில்லை. விருத்தம் பாடும்போது மிருதங்கத்துக்கு வேலையே கிடையாது; மற்றவர்கள் அந்த நேரத்தில் பிளாஸ்கைத் திறப்பார்கள், கூட்டத்தில் தெரிந்த முகம் தேடுவார்கள். இவர் இரண்டு கையையும் வாத்தியத்தின் மேல் வைத்துக்கொண்டு, பாடுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த பாட்டின் முதல் அடி எந்தக் கனத்தில் விழ வேண்டும் என்று விருத்தத்தின் கடைசி வரி சொல்லும் என்பார்.

வாத்தியார், மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பக்தர். இடது கைக்காரரான பழனியின் கும்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாடம் அன்றைக்கு அவ்வளவுதான். பாலக்காடு மணி ஐயரிடமும் குறையாத மரியாதை. மிருதங்கக் கலைஞர்களில் முதன்முதலாக சங்கீத கலாநிதி விருது, 1966-இல், மணி ஐயருக்குத்தான் கிடைத்தது. அப்பேர்ப்பட்டவர் ஒரு கட்டத்தில், ஒலிபெருக்கி வைத்த கச்சேரிகளில் வாசிக்கமாட்டேன் என்று விலகியிருந்தார். வருமானம் போகட்டும், நாதம் கெடக்கூடாது. சின்ன வயதில் இதை ஒரு பிடிவாதக்காரரின் கதையாகத்தான் கேட்டேன். வேண்டாம் என்று சொல்வதிலேயே ஒருவர் தன்னை இவ்வளவு முழுசாகப் போட முடியும் என்பது இப்போது வேறு மாதிரி கேட்கிறது. நான் வேண்டாம் என்று விட்ட எதிலும் என்னைப் போட்டதில்லை. விட்டது சுலபமாக இருந்தது, விட்டேன்.

ஒரு வரி

சங்கீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் அந்த எட்டு விநாடியை நினைக்கும்போதெல்லாம் கூடவே இன்னொரு அறை நினைவுக்கு வருகிறது. பல வருடத்துக்கு முன், வேறொரு கம்பெனி. தணிக்கையில் ஒரு தப்பு என்ட்ரி அகப்பட்டது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன் தலையில் அதைக் கட்டினார்கள். அதைப் போடச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு முன்னால் ஒரு சீனியர் என்னை ஓரமாக அழைத்து, "நீ கொஞ்சம் அடக்கி வாசிப்பா" என்றார். வாசித்தேன். அந்தப் பையன் இரண்டு முறை என்னைப் பார்த்தான். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அவன் ராஜினாமா கொடுத்தான். சீனியர் என் முதுகில் தட்டி, "பக்குவமா நடந்துக்கிட்ட" என்றார். அந்த வார்த்தையை நானும் நம்பினேன், வீட்டில் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அன்று நான் மேஜையைத் தட்டிக் கத்தியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கவில்லை. கத்துகிறவர்களை எனக்குத் தெரியும். பதினேழு வயது மிருதங்கக்காரனைப் போல, அவர்களுக்கும் பெரும்பாலும் விஷயம் தெரியாது. "அந்த என்ட்ரி இவர் ஐடியில் இருக்கு, ஆனா இவர் முடிவு இல்லை." ஒரே ஒரு வரி, சரியான இடத்தில். மற்றபடி கூட்டம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டுமானால் மற்ற இரண்டு மணி நேரமும் முழுக் கவனத்தோடு அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். நான் அடக்கியது என் நாக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காதையும் கண்ணையும் சேர்த்து அடக்கியிருந்தேன்.

இப்படிச் சொல்வதில் ஒரு அசௌகரியம் இருக்கிறது. பாராட்டுகிறவர்களை நம்பக்கூடாது என்றாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வாத்தியாரின் ஐந்து அடியும் என் ஐந்து அடியும் ஒன்றுதான். பொறுமையும் பயமும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். நிதானத்துக்கும் சோம்பலுக்கும் ஒரே சத்தம். அந்தப் பார்வை திரும்பும் வரை வித்தியாசம் தெரியாது. அந்தப் பார்வை கச்சேரிக்குக் கச்சேரி வருவதும் இல்லை. பத்து வருடம் வராமலே இருக்கும். அதற்குள் நமக்கே நாம் பெரிய அடக்கசாலி என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஒரு வாரம் கழித்துப் பாடியவருக்கு போன் செய்தேன். காம்போதி நிரவலில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். தாளத்தை விட்டது தான்தான் என்று அவர் உடனே தடுத்தார். "எனக்கும் நடக்கறதுதானே சார்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு சொல்லட்டுமா சார்? தப்பா நினைக்கக்கூடாது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்க தப்பான இடத்துல பலமா ஒண்ணு போட்டிருந்தாக்கூட, சரி, சார் அங்க இருக்கார்னு நான் என் கணக்கைப் பார்த்திருப்பேன். நீங்க இருக்கீங்களான்னே தெரியல." நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பேச்சை மாற்றி, ஆவணியில் ஒரு கச்சேரி இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார். இதைக் கேட்டுவிட்டு அதையும் கேட்டது அவருடைய பெருந்தன்மை.

உருப்படிப் பட்டியல் போன வாரம் வந்தது. காம்போதி மறுபடி இருக்கிறது, அதே கிருதி. ஞாயிற்றுக்கிழமை காலை போனைப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் சரணத்தைக் கையால் எழுதினேன். தெலுங்கைத் தமிழெழுத்தில், பழைய பாட்டுப் புத்தகங்களில் இருக்கிற மாதிரி, க-வுக்கும் த-வுக்கும் மேலே குட்டியாக 2, 3, 4 என்று எண் போட்டு. அர்த்தத்தை வரிக்குக் கீழே பென்சிலில். மூன்று வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. மனைவி சின்ன வயதில் பாட்டு கிளாஸ் போனவள். கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்ன, பாடப் போறீங்களா?"

"இல்ல. வாசிக்கத்தான்."

நோட்டைத் தன் பக்கம் திருப்பி, வாய்க்குள்ளேயே ஒரு முறை பாடிப் பார்த்தாள். இரண்டாவது வரியில் நிறுத்தி, கீரைத் தண்டால் தொட்டுக் காட்டினாள்.

"இங்க ஒரு எழுத்து விட்டுப்போச்சு பாருங்க."